கோடை முகாமில் களிமண்: நம் பிள்ளைகளை ஏன் அனுப்ப வேண்டும்?



கோடை விடுமுறை நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளைகளின் பகல் பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது? காலையில் பள்ளிவாசலின் கோடைக்கால தீனியாத் வகுப்பு ஓரிரண்டு மணிநேரத்தை நற்செயலால் நிரப்பிவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். எஞ்சிய நேரத்தில் வெயில் வெளியே விடுவதில்லை. வீட்டுக்குள் கைப்பேசி விடுவதில்லை. எனவே பெற்றோர் கோடை முகாம்களைத் தேடுகின்றனர். கணினி, ஆங்கிலப் பேச்சு, நீச்சல், கராத்தே ஆகியவற்றுக்கு நம் வீடுகளில் எளிதில் அனுமதி கிடைக்கிறது. களிமண் வகுப்பு என்ற வரி வந்தவுடன் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

இந்தத் தாண்டலுக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மண்ணில் அளைவதால் என்ன பயன் என்பது ஒன்று. அது நமக்குரிய தொழில் அன்று என்பது மற்றொன்று. அங்கே பொம்மையும் சிலையும் செய்யச் சொல்வார்கள், அது மார்க்கத்துக்கு முரண் என்பது மூன்றாவது. இம்மூன்றில் மூன்றாவது காரணம் மட்டுமே மதித்து ஆராயத்தக்கது. அதற்கும் மார்க்கத்திலேயே தெளிவான வழி இருக்கிறது. முதலிரண்டும் நாம் கைவிட வேண்டிய எண்ணங்கள். நம் பிள்ளைகளைக் களிமண் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்; முறையாக, நிபந்தனைகளோடு, மனமுவந்து அனுப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மண்ணை இழிவாக எண்ணியவன் யார்?

திருக்குர்ஆன் மனிதப் படைப்பைப் பற்றிப் பேசும் இடங்களில் மண்ணைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. அர்ரஹ்மான் அத்தியாயம் மனிதன் படைக்கப்பட்ட களிமண்ணைச் சுட்ட மட்பாண்டத்துக்கு ஒப்பிடுகிறது. தட்டினால் ஓசை எழுப்பும் காய்ந்த மண் அது. இந்த வசனத்தை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுகின்றனர். ஆனால் நன்கு சுட்ட பானையை விரலால் தட்டினால் எழும் ஓசைக்கும், விரிசல் விழுந்த பானையின் மந்தமான ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? ஒருமுறை கேட்ட பிள்ளைக்கு அந்த உவமை காதில் ஒலிக்கும்.

மண்ணைத் தாழ்வாகக் கருதிய முதல் குரல் எது என்பதையும் குர்ஆன் நமக்கு அறிவித்திருக்கிறது. ஆதம் (அலை) அவர்களுக்குச் சிரம் பணிய மறுத்த இப்லீஸ் முன்வைத்த வாதம், தான் நெருப்பிலிருந்தும் அவர் களிமண்ணிலிருந்தும் படைக்கப்பட்டவர் என்பதே. அவனுடைய கிப்ரு, அதாவது பெருமை, மண்ணை இகழ்ந்ததிலேயே வெளிப்பட்டது. 'மண்ணில் கை வைக்கும் வேலை நம் பிள்ளைக்கு எதற்கு' என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லில் எதன் சாயல் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பேச்சுக்குள் மறைந்திருப்பது சாதி உணர்வு. பானை வனைவது குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் குலத்தொழில், அதைக் கற்பது மதிப்புக் குறைவு என்ற எண்ணம் நம்மைச் சூழ்ந்துள்ள சமுதாயத்திலிருந்து நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. இஸ்லாத்தில் இதற்கு இடமில்லை. தாவூத் (அலை) அவர்கள் ஆட்சியாளராக இருந்தும் தம் கையுழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும், கையால் உழைத்து உண்ணும் உணவைவிட மேலான உணவு இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது புகாரீயில் பதிவாகியுள்ளது. ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸ்.

மட்பாண்டக் கலை நமக்கு அந்நியமானதும் அன்று. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் குயவர்கள், சீனத்திலிருந்து வந்த வெண்ணிறப் பாண்டங்களுக்கு நிகராகச் செய்ய முயன்று, வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகுப் பூச்சைக் கையாண்டனர். அதன்மேல் நீல நிறம் தீட்டினர். இந்த நுட்பம் பின்னர் ஸ்பெயினையும் இத்தாலியையும் அடைந்தது. குராசான் பகுதியின் நீஷாப்பூரில் 10ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட கிண்ணங்களின் விளிம்பைச் சுற்றி, கூஃபி எழுத்தில் நல்லுரைகளும் வாழ்த்துகளும் எழுதப்பட்டன. உணவு உண்பவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும். ஈரானின் காஷான் நகரில் மட்பாண்டக் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர், மண்ணும் மெருகும் கலக்கும் முறையைப் பற்றி 1301இல் எழுதிய நூற்பகுதி இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆதாரமாக விளங்குகிறது. நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலும் குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலும் முஸ்லிம் குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூளை மூட்டி வருகின்றனர்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு மண்ணை அறியாதிருப்பது

இதை எந்த ஊரில் சொல்லத் தேவையில்லையோ, அந்த ஊர் புதுச்சேரி. நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிறப் பாண்ட வகையின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே அறியப்பட்டிருந்ததால், அவற்றோடு கிடைத்த உள்நாட்டுப் பாண்டங்களின் காலத்தையும் அவரால் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்குக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்தவை உடைந்த கிண்ணங்களின் துண்டுகளே. தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன. அரிக்கமேட்டுப் பொருள்கள் பலவற்றை, பாரதி பூங்காவை அடுத்துள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். முல்லா வீதியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தூரம்தான்.

மேற்கே சென்றால் வில்லியனூர். அவ்வூரின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. அக்கலையைச் சேர்ந்த வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நகருக்குள்ளேயே, 1971ஆம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற பட்டறையை நிறுவினர். உயர்ந்த வெப்பத்தில் சுட்டுக் கல்லைப்போல் இறுகச் செய்யும் பாண்ட வகையை அவர்கள் இங்கே வேரூன்றச் செய்தனர். அங்கே வேலை கற்ற உள்ளூர்த் தொழிலாளர்கள் பின்னாளில் தாமே பட்டறைகள் தொடங்கினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் இத்தொழிலைக் கற்க இந்நகருக்கு வந்தனர். பிறர் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்து கற்கும் ஒன்றை, இதே ஊரில் பிறந்த நம் பிள்ளைகள் அறியாமல் வளர்வது பெரும் இழப்பு.

உருவம் செய்வது பற்றிய அச்சம்

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வது குறித்து ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை உள்ளது. அதைச் சிறிதாகக் கருதும் பெற்றோர் அல்ல நாம், கருதவும் கூடாது. களிமண் வகுப்புகளில் யானை, மனித முகம் முதலியவற்றைச் செய்யச் சொல்வது வழக்கம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டிக் களிமண் விநாயகர் செய்யும் பயிற்சியும் பல இடங்களில் நடைபெறுகிறது. எனவே பெற்றோரின் தயக்கம் நியாயமானதே.

ஆனால் இத்தயக்கத்துக்கு விடை ஸஹாபாக்களின் காலத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. கைத்தொழிலாக உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, அவர்கள் முதலில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். அம்மனிதர் கலங்கிப்போனார். அப்போது, இத்தொழிலைச் செய்தே தீர வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். இச்செய்தி புகாரீயில் இடம்பெற்றுள்ளது. இதில் கவனிக்க வேண்டியது, கையை முடக்கிக்கொள்ளுமாறு அவர்கள் சொல்லவில்லை என்பது. தொழிலின் திசையை மாற்றினார்கள், தொழிலை நிறுத்தவில்லை.

சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்கள் குறித்து இன்னும் சற்று இடம் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பொம்மைகளோடு விளையாடியதையும், அவற்றுள் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஆஷூரா நோன்பின்போது பசியால் அழும் பிள்ளைகளுக்குக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்ததை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இவற்றைக் கொண்டு சிறுவர் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்று கூறும் அறிஞர்கள் பலர்; அதை ஏற்காதவர்களும் உளர். இந்நுணுக்கத்தில் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கிண்ணத்திலும் குவளையிலும் பூச்சாடியிலும் மூடியுள்ள டப்பாவிலும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பத்து நாள் முகாமை நிரப்ப அவையே போதும்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. சேர்ப்பதற்கு முன் ஆசிரியரைச் சந்தித்து, 'எங்கள் பிள்ளை பாத்திரங்களும் இலை, பூ வடிவங்களும் செய்வான். உயிரினங்களின் உருவம் வேண்டாம்' என்று இனிமையாகச் சொல்லிவிடலாம். மாற்று வேலை கொடுப்பது ஆசிரியர்களுக்குச் சிரமமான காரியம் அன்று. பிள்ளையிடமும் காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். அருகில் அமர்ந்திருக்கும் நண்பன் தன் நம்பிக்கைப்படி ஒன்றைச் செய்யும்போது அதைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. தன் எல்லையை மரியாதையோடு காத்துக்கொண்டு மற்றவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யக் கற்ற பிள்ளை, நாளை கல்லூரியிலும் அலுவலகத்திலும் தடுமாற மாட்டான். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இந்தப் பயிற்சியை அவன் எங்கே பெறுவான்?

கை கற்றுக்கொள்வது என்ன?

சிறுவர்களுக்குச் சக்கரம் கட்டாயமில்லை. சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தவே நீண்ட பயிற்சி வேண்டும். கையால் வனைவதே அவர்களுக்குப் பொருத்தமானது. அதில் மூன்று அடிப்படை முறைகள் உள்ளன. ஓர் உருண்டையில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிலும் மெல்லக் கிள்ளிக் கிண்ணமாக்குவது ஒன்று. மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கிச் சுவர் எழுப்புவது மற்றொன்று. சப்பாத்தி தேய்ப்பதுபோல் மண்ணைத் தகடாக உருட்டி, வெட்டி இணைப்பது மூன்றாவது. ஆறு வயதுப் பிள்ளையும் முதல் முறையை ஒரே நாளில் கற்றுவிடும்.

ஒவ்வொரு படியிலும் மண் ஓர் ஒழுங்கைக் கேட்கிறது. முதலில் நன்கு பிசைய வேண்டும். இல்லையேல் கட்டியும் காற்றும் உள்ளே தங்கும். கைப்பிடியை ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் கீறி, மண்கூழ் பூசி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காயும்போது கழன்று விழும். சுவரின் கனம் எங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மெல்லிய பகுதி முந்திக் காய்ந்து, கனத்த பகுதி பிந்தினால் விரிசல் விழும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலும் விரிசல்தான். உள்ளே ஈரம் இருக்கும்போது சூளைக்குள் வைத்தால், அந்த ஈரம் ஆவியாகிப் பாண்டத்தையே வெடிக்கச் செய்துவிடும்.

இவற்றுள் எதையும் ஆசிரியர் மிரட்டிக் கற்பிக்க வேண்டியதில்லை. பொறுமையின்மையின் விளைவைப் பிள்ளை தன் கண்ணால் காண்கிறது. விரலால் தள்ளினால் அடுத்த காட்சி வந்துவிடும் கைப்பேசியில் வளரும் பிள்ளைக்கு, எத்தனை முறை தட்டினாலும் விரைவாகக் காயாத ஒரு கிண்ணம் தேவை. ஸப்ரைப் பற்றி நாம் எத்தனையோ பயான் கேட்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஸப்ர் என்பது, மூன்று நாள் ஈரத்துணி போர்த்திக் காத்திருப்பதாகத்தான் புரியும்.

தவறும் இங்கே வீணாவதில்லை. சுடாத பாண்டம் சரிந்துவிட்டால், காயவைத்து உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடியும் களிமண்ணே கிடைக்கும். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் கடந்துவிட்டால் மண்ணின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது சேறாகாது. எதுவரை திருத்தலாம், எதற்குப் பின் திருத்த முடியாது என்பதைப் பிள்ளை கையால் உணர்கிறது. மதிப்பெண் குறைந்தால் நொறுங்கிப்போகும் நம் பிள்ளைகளுக்கு, சரிந்ததைத் திரும்பப் பிசையலாம் என்ற அனுபவம் மிகவும் வேண்டியது.

மேடைகளில் பிள்ளைகளைப் பச்சை மண் என்றும், பெற்றோரைக் குயவர் என்றும் உவமிப்பது வழக்கம். அந்த உவமையை நாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. உருவமைப்பவன், அல்முஸவ்விர், அல்லாஹ் ஒருவனே. எல்லா நேரமும் நம் கையில் வனையப்படும் பிள்ளைக்கு, ஒரு மணிநேரமாவது தானே வனையும் வாய்ப்பைக் கொடுப்போம்.

எப்படிப்பட்ட முகாம் வேண்டும்?

எல்லா வகுப்பும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஒரு மணிநேரம் மண்ணைக் கொடுத்து, படம் எடுத்து, சான்றிதழோடு அனுப்பிவிடும் வகுப்பால் பெரிய பயன் இல்லை. செய்வது, காய்வது, சுடுவது என்ற மூன்றையும் பிள்ளை பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஓரிரு வாரம் தேவை. 'சூளையில் சுட்டுத் தருவீர்களா?' என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது உடல்நலம். காய்ந்த களிமண்ணின் தூசியில் நுரையீரலுக்குக் கேடு தரும் நுண்துகள்கள் உண்டு. அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கும் ஆசிரியரே அறிந்தவர். உணவுக்குப் பயன்படும் பாத்திரத்தின் மெருகுப் பூச்சில் ஈயம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தொழுகை நேரத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். காய்ந்த மண் தோலில் ஏடாகப் படிந்துவிடும் என்பதால், ஒளுவுக்கு முன் கைகளையும் நக இடுக்கையும் கழுவப் பழக்க வேண்டும். பெண்பிள்ளைகளையும் அவசியம் அனுப்ப வேண்டும். வீட்டின் ஓர் மூலையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய கைத்தொழில் இது.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோடைக்கால தீனியாத் வகுப்பின் இறுதி வாரத்தில், மூன்று மாலைகளைக் களிமண்ணுக்கு ஒதுக்கலாமே. வில்லியனூரிலிருந்து ஒரு குயவரை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, பிள்ளைகள் அவரை 'ஐயா' என்றோ 'உஸ்தாத்' என்றோ அழைத்துக் கற்கட்டும். தொழிலாளியை ஆசிரியராக மதித்து முன்னால் அமரும் அந்தக் காட்சி, சமத்துவம் பற்றிய பல ஜும்ஆ உரைகளுக்கு ஈடாகும்.

முதல் வேலையாகப் பறவைகளுக்கான நீர்த் தட்டு செய்யச் சொல்லலாம். அகன்ற, ஆழமற்ற, மெருகு பூசாத சுடுமண் தட்டு. அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவிக்கு நற்கூலி உண்டு என்பதையும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் மொட்டைமாடியில் தான் செய்த தட்டில் ஒரு காக்கை நீர் அருந்துவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, ஸதகா என்பது உண்டியலில் போடும் நாணயம் மட்டுமன்று என்பது விளங்கிவிடும்.

குர்ஆனில் சுட்ட மண்ணைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. ஃபிர்அவ்ன், மூஸா (அலை) அவர்களின் இறைவனை எட்டிப் பார்க்கக் கோபுரம் எழுப்ப வேண்டுமென்று, களிமண்ணைச் சுடும்படி ஹாமானுக்கு ஆணையிட்டான். அதே மண், அதே நெருப்பு. ஒருவன் கையில் அது ஆணவத்தின் கோபுரமாகிறது. ஒரு சிறுமியின் கையில் பறவைக்குத் தண்ணீர்த் தட்டாகிறது. நிய்யத்தே வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்த நிய்யத்தைக் கற்றுத் தருவது பெற்றோராகிய நம் பொறுப்பு.

வரும் கோடையில் முகாம் பட்டியல் கைக்கு வரும்போது, களிமண் என்ற வரியைத் தாண்டிவிடாதீர்கள். நின்று, விசாரித்து, நிபந்தனைகளைப் பேசி, பிள்ளைகளை அனுப்புங்கள். நம் பிள்ளைகளின் கைகளை உழைப்புக்கும் நன்மைக்கும் பழகிய கைகளாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக, ஆமீன்.